ஒரே வெல்லில் ஏழு பாஸ்போ புரதங்கள்: எர்க் எப்போதும் உச்சத்தில், ஜேஎன்கே எப்போதும் தரையில்

கேள்வி: குளிர்பெட்டி80

வணக்கம். ஏ549 நுரையீரல் செல்களில் சிக்னலிங் புரதங்களின் பாஸ்போ வடிவத்தை (பாஸ்பேட் ஏறிய நிலை) ஒரே நேரத்தில் அளக்கப் பார்க்கிறேன். காந்த பீட் பேனல் (ஆன்டிபாடி ஒட்டிய நுண்மணிகள், புரதத்துக்கு ஒரு நிற மணி), லுமினெக்ஸ் 200 மெஷின். பேனலில் ஏழு: ஏகேடி (செரின் 473), எர்க்1/2, பி38, ஜேஎன்கே, ஸ்டாட்3 (டைரோசின் 705), கிரெப் (செரின் 133), பி65 (செரின் 536).

இப்போதைய முறை: 96 வெல் (குழி) பிளேட்டில் வெல்லுக்கு 30,000 செல். மறுநாள் சீரம் இல்லாத மீடியத்தில் 4 மணி நேரம். பிறகு அந்த மீடியத்தை எடுத்துவிட்டு, மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் ஈஜிஎஃப் (வளர்ச்சிக் காரணி) கலந்த புது மீடியம். சில வெல்களில் ஈஜிஎஃப்புக்குப் பதில் 20 நானோகிராம் டிஎன்எஃப்-ஆல்ஃபா (அழற்சிச் சிக்னல்). நேரம் 0, 5, 15, 30, 60 நிமிடம். 0 நிமிட வெல்லில் மீடியம் மாற்றவில்லை. பிளேட்டை ஐஸ் மேல் வைத்து, பிபிஎஸ்ஸில் இரண்டு முறை கழுவி, செல்லைக் கரைக்கும் ரிப்பா பஃபர் 80 மைக்ரோலிட்டர் (பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்படேஸ் என்சைம்களுக்கான தடுப்பான் கலவை சேர்த்தது) ஊற்றி 20 நிமிடம். அதிலிருந்து நேராக 25 மைக்ரோலிட்டர் எடுத்து பீட் பிளேட்டில். பீட்ஸ் இரவு முழுக்க 4 டிகிரியில் ஷேக்கரில்.

வந்த எம்எஃப்ஐ (பீட்களின் ஒளிர்வின் இடைநிலை அளவு): எர்க் பிளாங்க் (செல் இல்லாத வெல்) 60, 0 நிமிடம் 5,900, ஈஜிஎஃப் 5 நிமிடம் 7,400, 60 நிமிடம் 6,100. ஜேஎன்கே பிளாங்க் 45, மற்ற எல்லாமே 52 முதல் 60க்குள். சில வெல்களில் பீட் எண்ணிக்கை 18, 22 என்று நின்றுவிட்டது. அந்த வெல்களில் இரட்டைகளுக்கு (ஒரே மாதிரியைப் போட்ட இரண்டு வெல்கள்) நடுவே 30 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம்.

எர்க் ஏன் அசையவே மாட்டேன் என்கிறது? ஜேஎன்கே ஆன்டிபாடியே சரியில்லையா? பீட் எண்ணிக்கை ஏன் குறைகிறது? மொத்தப் புரத பீட்ஸையும் (பாஸ்போ உள்ளது, இல்லாதது எல்லாம் சேர்த்து அளப்பவை) இதே வெல்லில் போட்டு மிச்சம் பிடிக்கலாமா? இல்லை, பேசாமல் வெஸ்டர்னுக்கே (புரதங்களை ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும் முறை) திரும்பிவிடலாமா?

---

பதில் 1: மைக்ரோலிட்டர்

கிட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் கணக்கைப் பாருங்கள். ஏ549 போன்ற செல்லில் மொத்தப் புரதம் தோராயமாக 150 முதல் 200 பிகோகிராம். 30,000 செல் என்றால் அதிகபட்சம் 6 மைக்ரோகிராம். அதை 80 மைக்ரோலிட்டரில் கரைத்தால் மில்லிலிட்டருக்கு 0.075 மில்லிகிராம். 25 மைக்ரோலிட்டரில் போவது 2 மைக்ரோகிராம்கூட இல்லை. எர்க், ஏகேடி மாதிரி ஏராளமாக இருப்பவற்றுக்கு அது போதும். ஜேஎன்கேக்குப் போதாது. வெல்லுக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் போகிற மாதிரி மாற்றுங்கள்.

24 வெல் பிளேட்டுக்குப் போங்கள். வெல்லுக்கு 2 லட்சம் செல், 60 முதல் 70 மைக்ரோலிட்டர் பஃபர். மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் பக்கம் வரும். பிசிஏவிலும் (மொத்தப் புரதச் செறிவு பார்க்கும் சோதனை) நம்பகமாக அளக்கலாம். இப்போது உங்களிடம் இருக்கும் 0.075 என்பது பிசிஏ கோட்டின் அடிவாரம், அங்கே எந்த எண்ணையும் நம்ப முடியாது.

அடுத்தது எர்க். மூன்று காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

ஒன்று, செல்லே அப்படிப்பட்டது. ஏ549இல் எர்க்குக்கு மேலே இருக்கும் ராஸ் புரதத்தில் கேராஸ் ஜி12எஸ் மாற்றம் இருக்கிறது. ராஸ் பாதி திறந்த குழாய் மாதிரி, சீரம் இல்லாமலும் எர்க் கொஞ்சம் ஓடிக்கொண்டே இருக்கும். ஈஜிஎஃப் கொடுத்தால் கூடும், ஆனால் ஹீலா செல்லில் பார்க்கிற பாய்ச்சலை இதில் எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டு, 4 மணி நேரப் பட்டினி இந்த செல்லுக்குக் குறைவு. 16 மணி நேரம், 0.1 சதவீத பிஎஸ்ஏ கலந்த மீடியத்தில் வையுங்கள். அதற்கு மேல் போனால் பி38 ஏற ஆரம்பிக்கலாம் என்பதால் 24 மணி நேரம் வேண்டாம்.

மூன்று, நீங்கள் மீடியத்தையே மாற்றுகிறீர்கள். உறிஞ்சி எடுத்து, புது மீடியத்தை ஊற்றும்போது ஏற்படும் உரசலும் வெப்ப மாற்றமும் மட்டுமே எர்க், பி38 இரண்டையும் சில நிமிடங்களுக்குத் தூக்கிவிடும். உங்கள் 0 நிமிட வெல் அந்த அதிர்ச்சியை வாங்கவில்லை, 5 நிமிட வெல் வாங்கியிருக்கிறது. இரண்டையும் ஒப்பிடவே முடியாது. மீடியத்தைத் தொடாதீர்கள். ஈஜிஎஃப்பைப் பத்து மடங்கு செறிவில் 37 டிகிரி மீடியத்தில் தயாராக வைத்துக்கொண்டு, 450 மைக்ரோலிட்டர் இருக்கும் வெல்லில் 50 மைக்ரோலிட்டரை ஓரமாக விட்டு, பிளேட்டை மெதுவாகச் சாய்த்துக் கலக்குங்கள். 0 நிமிட வெல்லுக்கும் ஈஜிஎஃப் இல்லாத அதே 50 மைக்ரோலிட்டர்.

எது உண்மையான தரை என்று தெரிய ஒரு வெல்லில் டிராமெடினிப் 100 நானோமோலார் 1 மணி நேரம், அல்லது யூ0126 10 மைக்ரோமோலார் 1 மணி நேரம் கொடுங்கள் (இரண்டும் எர்க்கைத் தூண்டும் மெக் என்சைமைத் தடுப்பவை). எர்க் பிளாங்க் பக்கத்தில் விழுந்தால் ஆன்டிபாடி சரி, 5,900 என்பது நிஜமான அடிப்படை அளவு. விழாவிட்டால்தான் பீட் பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

ஜேஎன்கேக்கும் பி38க்கும் அவற்றைப் பலமாகத் தூண்டும் அனைசோமைசின், மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், 30 நிமிடம். இது இல்லாமல் ஜேஎன்கே ஆன்டிபாடி வேலை செய்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஈஜிஎஃப் ஜேஎன்கேயை ஏற்றும் அளவு ரொம்பச் சின்னது. ஏகேடிக்கு இன்சுலின் 100 நானோமோலார் 10 நிமிடம். ஸ்டாட்3க்கு ஐஎல்-6 20 நானோகிராம் 15 நிமிடம், கூடவே கரையும் ஐஎல்-6 ரிசெப்டர் சேர்த்தால் இன்னும் உறுதி. ஒவ்வொரு புரதத்துக்கும் 'இது கண்டிப்பாக ஏறும்' என்று சொல்லக்கூடிய ஒரு லைசேட் (செல்லைக் கரைத்த நீர்) கையில் இல்லாமல் ஏழு புரதப் பேனலைத் திறக்கவே கூடாது.

இனி லைசிஸ். பாதி பேர் தவறவிடும் இடம் இதுதான். பிளேட்டை ஐஸ் மேல் வைத்தேன் என்கிறீர்கள். பிளேட்டைத் திருப்பிப் பாருங்கள்: சுற்றிலும் ஒரு விளிம்பு, வெல்லின் அடிப்பகுதி அதற்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே. ஐஸ் துண்டுகள் மேல் வைத்தால் விளிம்புதான் ஐஸைத் தொடும், வெல்லுக்கு அடியில் காற்று. செல்கள் நிமிடக் கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், பாஸ்படேஸ்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஐஸும் தண்ணீரும் கலந்த கூழில் பிளேட்டை மிதக்க விடுங்கள், இல்லாவிட்டால் ஐஸில் புதைத்த அலுமினியப் பலகை மேல் வையுங்கள்.

கழுவுவது ஒரே முறை போதும், ஐஸ் குளிர் பிபிஎஸ். உறிஞ்சியதிலிருந்து பஃபர் படும் வரை வெல்லுக்கு 15 விநாடிக்கு மேல் ஆகக்கூடாது. 24 வெல்லையும் ஒரே மூச்சில் செய்தால் முதல் வெல்லுக்கும் கடைசி வெல்லுக்கும் 6 நிமிட இடைவெளி விழும், 5 நிமிட அளவீட்டில் அது அபத்தம். அதனால் தலைகீழாகப் போங்கள்: 60 நிமிட வெல்லுக்கு முதலில் ஈஜிஎஃப், அப்புறம் 30, 15, 5. வெல்லுக்கு வெல் 20 விநாடி தள்ளிக் கொடுத்து, அதே வரிசையில் அதே 20 விநாடி இடைவெளியில் நிறுத்துங்கள். டிரிப்சின் போட்டுச் செல்களைக் கிளப்பி, சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி, அப்புறம் லைஸ் செய்வது இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. நீங்கள் அளப்பது ஈஜிஎஃப்பை அல்ல, டிரிப்சினைத்தான் என்று ஆகிவிடும்.

பஃபர்: டிரிஸ் 20 மில்லிமோலார் பிஎச் 7.5, சோடியம் குளோரைடு 150, டிரைட்டன் எக்ஸ்-100 1 சதவீதம், ஈஜிடிஏ 1, பீட்டா கிளிசரோபாஸ்பேட் 10, சோடியம் ஃப்ளோரைடு 10, சோடியம் பைரோபாஸ்பேட் 2.5, சோடியம் ஆர்த்தோவனடேட் 2 மில்லிமோலார். பிஎம்எஸ்எஃப் (புரதம் சிதைவதைத் தடுப்பது) 1 மில்லிமோலார் ஊற்றும் நிமிடத்தில்தான் சேர்க்க வேண்டும், தண்ணீரில் விழுந்ததும் அது சிதையத் தொடங்கும், பிஎச் 8இல் அரை மணி நேரத்தில் பாதி போய்விடும். ஃப்ளோரைடும் கிளிசரோபாஸ்பேட்டும் செரின், திரியோனின் பாஸ்படேஸ்களுக்கு. வனடேட் டைரோசின் பாஸ்படேஸ்களுக்கு.

வனடேட்டைப் பொடியாக நிறுத்து அப்படியே கரைப்பவர்கள் இருக்கிறார்கள். வீண். 10 மில்லிலிட்டரில் 0.37 கிராம் கரைத்தால் 200 மில்லிமோலார். பிஎச்சை 10க்குக் கொண்டுவந்தால் மஞ்சளாக நிற்கும். நிறம் போகும்வரை கொதிக்க வையுங்கள், ஆறவிட்டு மறுபடி பிஎச் 10. மஞ்சள் திரும்பினால் மறுபடி கொதி. நிறமில்லாமல் பிஎச் 10இல் நிலைத்து நின்றால் தயார், பிரித்து மைனஸ் 20இல். அந்த மஞ்சள் என்பது வனடேட் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட வடிவம், அது பாஸ்படேஸைச் சரியாகப் பிடிக்காது. இன்னொன்று, டிடிடி இருக்கும் பஃபரில் வனடேட் ஒடுக்கப்பட்டு வீணாகும், ஈடிடிஏ அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே ஈஜிடிஏ மட்டும் எழுதியதற்கு அதுதான் காரணம்.

---

பதில் 2: காந்தத்தட்டு

மேலே சொன்னது எல்லாம் சரி. பீட் எண்ணிக்கை மட்டும் நான் பார்க்கிறேன்.

ரிப்பாவில் எஸ்டிஎஸ், டிஆக்ஸிகோலேட் இரண்டும் இருக்கின்றன. நியூக்ளியஸ் உடைந்து டிஎன்ஏ வெளியே வரும். நீங்கள் சென்ட்ரிஃப்யூஜ் செய்ததாக எழுதவில்லை, 96 வெல்லிலிருந்து நேராக எடுத்திருக்கிறீர்கள். பைப்பெட் முனையை வெல்லிலிருந்து தூக்கும்போது மூக்குச்சளி மாதிரி நூல் இழுத்திருந்தால் அதுதான் டிஎன்ஏ. அந்த நூலில் பீட்ஸ் கோத்துக்கொள்ளும். இரண்டு பீட் ஒட்டிப் போனால் மெஷின் அதை 'இரட்டை' என்று ஒதுக்கிவிடும், எண்ணிக்கையில் சேர்க்காது. 18, 22 எல்லாம் அப்படி வந்தவை. நூல் பெரிதாக இருந்தால் உறிஞ்சும் ஊசியே அடைத்துக்கொண்டு, அந்த வெல் மட்டுமல்ல, அதற்கு அடுத்தவையும் கெடும்.

எனவே ரிப்பாவை விடுங்கள், மைக்ரோலிட்டர் கொடுத்த டிரைட்டன் பஃபரே நல்லது. எஸ்டிஎஸ் கலந்த லைசேட்தான் கையில் இருக்கிறது என்றால், வெல்லில் இறுதி எஸ்டிஎஸ் 0.1 சதவீதத்தைத் தாண்டாமல் அஸே பஃபரில் (கிட்டோடு வரும் சோதனை பஃபர்) நீர்த்துப் போடுங்கள், அதற்கு மேல் ஆன்டிபாடியே குலையும். லைசேட்டை டியூபுக்கு மாற்றி 14,000 ஜியில் 15 நிமிடம், 4 டிகிரி. மேல்நீரை எடுக்கும்போது அடியில் 10 மைக்ரோலிட்டர் விட்டுவிடுங்கள், அந்த மிச்சத்துக்கு ஆசைப்பட்டால் நூல் திரும்ப வந்துவிடும்.

டிரைட்டனில் ஒரு பின்விளைவு உண்டு. நியூக்ளியஸ் முழுதாக உடையாது. கிரெப், நியூக்ளியஸுக்குள் போன பி65, ஸ்டாட்3 ஆகியவற்றில் ஒரு பகுதி வண்டலோடு போய்விடும். அதைத் தடுக்க, சென்ட்ரிஃப்யூஜுக்கு முன்னால் ஐஸில் வைத்தபடி மெல்லிய முனை சோனிகேட்டரில் 5 விநாடி வீதம் மூன்று முறை. நுரை வரக்கூடாது. சோனிகேஷன் டிஎன்ஏவையும் துண்டாக்கிவிடுவதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எல்லா மாதிரிக்கும் ஒரே மாதிரி செய்ய வேண்டும், பாதிக்குச் செய்து பாதிக்கு விட்டால் கிரெப் எண்கள் பொய் சொல்லும்.

இனி பீட் பக்கம். பாட்டிலைக் கையில் எடுத்ததும் 30 விநாடி வோர்டெக்ஸ், 30 விநாடி சோனிகேட்டர் தொட்டி, பிறகு மறுபடி வோர்டெக்ஸ். வெல்லில் போடும்போதும் 8 வெல்லுக்கு ஒருமுறை பாட்டிலைக் கலக்குங்கள், காந்த பீட் கனமானது, நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அடியில் இறங்கிவிடும். முதல் வரிசையில் 120, கடைசி வரிசையில் 30 என்று எண்ணிக்கை சரிந்தால் காரணம் வேறெதுவும் இல்லை, இதுதான்.

வரிசை: முதலில் வெல்லை அஸே பஃபரால் நனைத்துக் கொட்டுங்கள். லைசேட் 25 மைக்ரோலிட்டர் (அஸே பஃபரில் குறைந்தது ஒன்றுக்கு ஒன்று நீர்த்தது), பீட் கலவை 25. ஒட்டுத்தாள், அதற்கு மேல் அலுமினியத் தாள். 4 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம், ஷேக்கர் 600 முதல் 800 சுற்று. 300 சுற்றில் வைத்தால் பீட்ஸ் அடியில் படுத்துத் தூங்கும். காலையில் காந்தத் தட்டில் 60 விநாடி முழுதாக வைத்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள், 20 விநாடியில் கொட்டினால் பீட்ஸும் சேர்ந்து சிங்கில் போகும். பிளேட் காந்தத்தில் கிளிப் போட்டபடி, ஒரே வீச்சில் கவிழ்த்து, டிஷ்யூ மேல் ஒரே தட்டு. இரண்டு முறை கழுவல். பயோட்டின் கோத்த கண்டறியும் ஆன்டிபாடி 25 மைக்ரோலிட்டர் 1 மணி நேரம் அறை வெப்பத்தில். ஸ்ட்ரெப்டாவிடின்-பைகோஎரித்ரின் 25, 15 நிமிடம். சில கிட்களில் இதற்குப் பிறகு சிக்னலைக் கூட்டும் ஒரு பஃபர் உண்டு, அதைக் கழுவாமல் மேலேயே சேர்க்க வேண்டும், உங்கள் கிட்டில் அது உண்டா இல்லையா என்பதைக் கிட்டின் தாளில் பாருங்கள். கடைசியில் 150 மைக்ரோலிட்டரில் கரைத்து 5 நிமிடம் ஷேக்கரில் விட்டு உடனே மெஷினுக்கு. பைகோஎரித்ரின் வெளிச்சத்தில் மங்கும், பீட்டுக்குள் இருக்கும் அடையாளச் சாயமும் மங்கும். சாயம் மங்கினால் பீட் தன் வட்டத்தை விட்டு நகர்ந்து, எண்ணிக்கை குறைந்த மாதிரி தெரியும்.

மெஷினில் மூன்று பாருங்கள். லேசர் சூடாக அரை மணி நேரம் கொடுத்தீர்களா. இரட்டை ஒதுக்கும் வாயில் எல்லை காந்த பீட்டுக்கு உரிய 8,000 முதல் 15,000 என்று இருக்கிறதா, பழைய பாலிஸ்டைரீன் பீட்டின் எல்லையை யாராவது விட்டுவைத்திருப்பார்கள். ஊசி உயரம் இந்த பிளேட்டுக்குச் சரிசெய்யப்பட்டதா, அடியைத் தொட்டால் உறிஞ்சாது, உயரத்தில் நின்றால் பீட் கிடைக்காது. புரதத்துக்கு 50 பீட் என்று இலக்கு வையுங்கள். 35க்குக் கீழே வந்த வெல்லின் எண்ணை நான் வைத்துக்கொள்ள மாட்டேன், இடைநிலை மதிப்பு என்பதால் 30இல்கூட சமாளிக்கலாம் என்பார்கள், இரட்டைகள் ஒத்துப்போனால் மட்டும் சரி.

இன்னொரு எச்சரிக்கை. பீட் சிக்னல் நேர்கோட்டில் போகிறதா என்று ஒரு முறையாவது பாருங்கள். உச்சத் தூண்டல் லைசேட்டை வெல்லுக்கு 2.5, 5, 10, 20 மைக்ரோகிராம் போடுங்கள். 5லிருந்து 10க்குப் போகும்போது எம்எஃப்ஐ கிட்டத்தட்ட இரட்டிக்க வேண்டும். 1.2 மடங்குதான் ஏறுகிறது என்றால் அந்தப் புரதம் நிறைந்துவிட்டது. எர்க்குக்கு 5 மைக்ரோகிராமே அதிகமாகவும் ஜேஎன்கேக்கு 20 தேவையாகவும் இருந்தால், ஒரே லைசேட்டை இரண்டு நீர்ப்பில் ஓட்டுவதுதான் வழி. இது பேனலின் குறை அல்ல, ஏழு புரதங்களும் ஒரே அளவில் செல்லில் இருப்பதில்லை.

---

குளிர்பெட்டி80

இரண்டு பேருக்கும் நன்றி. நூல் இழுத்தது உண்மைதான், செல் குப்பை என்று நினைத்தேன். இன்னும் இரண்டு கேள்வி. மொத்தப் புரத பீட்ஸை அதே வெல்லில் சேர்ப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. என்னிடம் ஒரே ஒரு பேனல் கிட்தான், அதாவது 96 வெல். அதை எப்படிப் பங்கிடுவது?

---

பதில் 3: பட்டைபார்ப்பவர்

அதே வெல்லில் கூடாது, காரணம் ஆன்டிபாடி சாண்ட்விச்சின் அமைப்பு. பல கிட்களில் பீட்டின் மேல் இருப்பது எர்க்கின் எந்த வடிவத்தையும் பிடிக்கும் ஆன்டிபாடி. மேலே வந்து உட்காரும் பயோட்டின் ஆன்டிபாடிதான் பாஸ்போவை மட்டும் அடையாளம் காண்பது. மொத்த எர்க் கிட்டில் கீழே அதே வகைப் பிடிப்பு, மேலே எல்லா வடிவத்துக்குமான ஆன்டிபாடி. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் பாஸ்போ பீட்டின் மேல் மொத்த ஆன்டிபாடியும் ஏறும். இரண்டுமே பயோட்டின், இரண்டுமே ஒரே பைகோஎரித்ரின், மெஷினுக்கு எது எது என்று தெரியாது. பீட் நிறம் வேறாக இருந்தாலும் இதே கதைதான், அதோடு இரண்டு பீட்டும் ஒரே எர்க் மூலக்கூறுக்குப் போட்டி போடும். தனி வெல்தான்.

ஆனால் மொத்தம் எப்போதுமே தேவையா? 5 முதல் 30 நிமிடத்துக்குள் எர்க், ஏகேடி, பி38 ஆகியவற்றின் மொத்த அளவு மாறுவதில்லை. பிசிஏ பார்த்துச் சம அளவு போட்டு, அளவு மாறாத புரதமான ஜிஏபிடிஹெச் அல்லது பீட்டா-டியூபுலின் பீட் ஒன்றைச் சேர்த்தால் போதும். மருந்தை 24 மணி நேரம் கொடுக்கும் சோதனைக்கு மொத்தம் கட்டாயம். ஈஜிஎஃப் ரிசெப்டரையும் ஐகப்பாபி-ஆல்ஃபாவையும் (பி65ஐப் பிடித்து வைத்திருக்கும் புரதம்) அளப்பவர்களுக்கும் கட்டாயம், அவை தூண்டியபின் சிதைக்கப்படுபவை. ஐகப்பாபி-ஆல்ஃபா ஒரு பொறி: டிஎன்எஃப் கொடுத்து 5 நிமிடத்தில் பாஸ்போ ஏறும், 15 நிமிடத்தில் புரதமே காணாமல் போகும், பாஸ்போ எண் விழும். 'சிக்னல் அணைந்தது' என்று எழுதிவிடுவார்கள். புரதச் சிதைவைத் தடுக்கும் எம்ஜி-132 10 மைக்ரோமோலார் முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தால் உண்மை தெரியும். உங்கள் பேனலில் பி65 இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை, டிஎன்எஃப் 5 முதல் 15 நிமிடத்தில் செரின் 536 உயர்வதைப் பார்க்கலாம்.

ஒரு பிளேட்டைப் பங்கிட: 60 நிமிடத்தை விட்டுவிடுங்கள், அதில் நீங்கள் எதிர்பார்க்கும் செய்தி குறைவு. நான்கு நேரம், மூன்று நிலை (வெறும் மீடியம், ஈஜிஎஃப், டிஎன்எஃப்), மூன்று வெவ்வேறு நாள் வளர்ப்பு. மொத்தம் 36 லைசேட். ஒவ்வொன்றும் இரட்டையாக 72 வெல். மிச்சம் 24 வெல்லில் பிளாங்க் 4 (அஸே பஃபரில் அதே விகிதத்தில் நீர்த்த லைசிஸ் பஃபர், வெறும் அஸே பஃபர் அல்ல), கிட்டோடு வரும் தூண்டப்பட்ட, தூண்டப்படாத லைசேட் தலா 2, அனைசோமைசின் 2, டிராமெடினிப் 2, இன்சுலின் 2, எல்லா லைசேட்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்த கலவை 2, மீதி எட்டு நீர்ப்பு வரிசைக்கு. அந்தக் கலவையைச் சின்னச் சின்ன டியூபாகப் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள், அடுத்த கிட்டை ஓட்டும்போது இரண்டு பிளேட்டையும் இணைக்கும் பாலம் அதுதான். லைசேட்டை இரண்டாவது முறை உறையவைத்து உருக்காதீர்கள்.

காந்தத்தட்டு சொன்ன இரட்டைகளைவிட மூன்று நாள் வளர்ப்புக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன். ஒரே லைசேட்டை இரண்டு வெல்லில் போட்டு அது ஒத்துப்போவது உங்கள் பைப்பெட்டின் பெருமை, உயிரியலின் சான்று அல்ல. வெல் பற்றாக்குறை என்றால் இரட்டையை வெட்டுங்கள், நாளை வெட்டாதீர்கள்.

எண்ணைக் கையாளும்போது: முதலில் பிளாங்கைக் கழியுங்கள், அப்புறம்தான் மடங்கு. உங்கள் பழைய எர்க் கணக்கு (7,400 கழித்தல் 60) வகுத்தல் (5,900 கழித்தல் 60), அதாவது 1.26 மடங்கு. ஜேஎன்கேயில் பிளாங்க் 45, மாதிரி 60, கழித்தால் 15. 52ஐ அடிப்படையாக வைத்தால் 7. '2 மடங்கு உயர்வு' என்று கணினி சொல்லும். எம்எஃப்ஐ 15க்கும் 7க்கும் நடுவே இருப்பது வெறும் இரைச்சல். பிளாங்கின் சராசரியோடு அதன் திட்ட விலக்கத்தைப் போல மூன்று மடங்கைக் கூட்டுங்கள், அதற்குக் கீழே இருப்பதை 'அளக்க முடியவில்லை' என்று எழுதிவிட்டு மடங்கு போடாதீர்கள். இந்தப் பேனல்களில் பெரும்பாலும் தரக்கோடு கிடையாது, எம்எஃப்ஐ ஒப்பீட்டு எண். அதனால் எர்க் 7,000, ஏகேடி 2,000 என்பதால் எர்க்தான் அதிகம் என்று புரதத்துக்குப் புரதம் ஒப்பிடுவதும் தப்பு.

வெஸ்டர்னை விட்டுவிடாதீர்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் வேண்டாம். அதே லைசேட்டில் எர்க், ஏகேடி, ஜேஎன்கே மூன்றுக்கு மட்டும் 20 மைக்ரோகிராம் ஓட்டிப் போக்கு ஒத்துப்போகிறதா பாருங்கள். பாஸ்போ ஆன்டிபாடிக்குப் பாலுக்குப் பதில் பிஎஸ்ஏ 5 சதவீதம், பாலின் கேசீனே பாஸ்போ புரதம். மெம்பிரேனை உரித்து மொத்தத்துக்குப் போடுவதைவிட இரண்டு ஜெல் ஓட்டுவது பாதுகாப்பு.

ஆன்டிபாடி உண்மையில் பாஸ்போவைத்தான் பார்க்கிறதா என்பதற்கு லாம்டா பாஸ்படேஸ் சோதனை. தடுப்பான்களும் ஈடிடிஏவும் இல்லாத தனி லைசேட், மாங்கனீஸ் குளோரைடு 1 மில்லிமோலார், 30 டிகிரி, 30 நிமிடம். எம்எஃப்ஐ பிளாங்குக்கு இறங்க வேண்டும். வழக்கமான லைசேட்டில் என்சைமைப் போட்டு 'இறங்கவே இல்லை' என்று குழம்புபவர்கள் பாதி பேர், உள்ளே தடுப்பான் இருக்கிறது என்பதையே மறந்துவிடுகிறார்கள்.

---

பதில் 4: ஓட்டமானி

இத்தனை பேர் பீட் பேசுகிறீர்கள், மாற்றுக் கருத்தாக ஃப்ளோ (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் முறை) பக்கமும் ஒரு வார்த்தை. லைசேட் என்பது 2 லட்சம் செல்லின் சராசரி. எம்எஃப்ஐ பாதியாக இருந்தால் எல்லா செல்லும் பாதி எரிகிறதா, பாதி செல் மட்டும் முழுசாக எரிகிறதா என்று லைசேட்டில் தெரியவே தெரியாது. ரத்தச் செல், டி செல், லுகேமியா மாதிரிகள் என்றால் பாஸ்போ ஃப்ளோவுக்குத்தான் போக வேண்டும். தூண்டிய உடனே மெத்தனால் இல்லாத 16 சதவீத பாராஃபார்மால்டிஹைடு 100 மைக்ரோலிட்டரை 900 மைக்ரோலிட்டர் செல்லில், இறுதியில் 1.6 சதவீதம், அறை வெப்பத்தில் 10 நிமிடம். கழுவிவிட்டு, பெல்லட்டை நன்கு தட்டிப் பிரித்து, ஐஸ் குளிர் மெத்தனாலை வோர்டெக்ஸில் வைத்தபடி சொட்டுச் சொட்டாக. ஐஸில் 15 முதல் 30 நிமிடம். பெல்லட்டைப் பிரிக்காமல் ஊற்றினால் கட்டியாகி விடும், திரும்பப் பிரியாது. மெத்தனாலில் மைனஸ் 80இல் செல்களை வாரக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம், எல்லா நாளின் மாதிரிகளையும் ஒன்றாகக் கறை போட முடிவது இதன் பெரிய வசதி.

தப்பு நடக்கும் இடம் மெத்தனால்தான். பைகோஎரித்ரின், ஏபிசி (அலோபைகோசயனின்) போன்ற புரதச் சாயங்களை மெத்தனாலுக்கு முன்னால் போட்டால் சாயம் செத்துவிடும், பின்னால் போடுங்கள். சில மேற்பரப்பு சிடி மார்க்கர்களின் ஆன்டிபாடி மெத்தனாலுக்குப் பிறகு ஒட்டாது, குளோனை முன்கூட்டியே சோதியுங்கள். மாதிரிகள் நிறைய என்றால் பார்கோடிங்: கிருட்சிக்கும் நோலனும் 2006இல் வெளியிட்ட முறை. ஒவ்வொரு மாதிரிக்கும் செல்லோடு வினைபுரியும் சாயத்தை வேறு வேறு செறிவில் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்த்து ஒரே ஆன்டிபாடிக் கலவையில் கறை போடலாம். இரண்டு சாயம், ஒவ்வொன்றிலும் மூன்று செறிவு என்றால் ஒன்பது மாதிரி. ஆன்டிபாடிச் செலவு ஒன்பதில் ஒன்றாகும், குழாய்க்குக் குழாய் கறை வித்தியாசமும் போய்விடும்.

ஆனால் குளிர்பெட்டி80 வைத்திருப்பது ஒட்டி வளரும் ஏ549. அதை ஃப்ளோவுக்கு எடுக்க வேண்டுமானால் தட்டிலேயே ஃபிக்ஸ் செய்து அப்புறம் சுரண்ட வேண்டும், கட்டியும் கிழிந்த செல்லுமாக வரும். அவருக்கு பீட்தான் சரி. செல்லுக்குச் செல் வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் அதே தட்டில் ஃபிக்ஸ் செய்து மைக்ரோஸ்கோப்பில் பாஸ்போ எர்க் படம் எடுங்கள், ஒன்றிரண்டு புரதத்துக்கு அது போதும்.

---

பதில் 5: மைக்ரோலிட்டர்

ஓட்டமானி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. பட்டைபார்ப்பவர் சொன்ன பிளேட் திட்டத்தில் மட்டும் ஒரு திருத்தம்: நீர்ப்பு வரிசைக்கு எட்டு வெல்லைக் கிட் பிளேட்டில் செலவழிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை, ஆனால் அதை முதல் நாளே தனியாக, ஒரே ஒரு ஸ்டிரிப்பில் ஓட்டுங்கள். மிச்ச பீட்டும் ஆன்டிபாடியும் 4 டிகிரியில், இருட்டில், கலக்காமல் பாட்டிலிலேயே இருக்கட்டும், தேவையான அளவு மட்டும் எடுத்துக் கலக்குங்கள். வெல்லுக்கு எத்தனை மைக்ரோகிராம் என்பது தெரியாமல் 36 லைசேட்டை ஓட்டிவிட்டு, மறுநாள் எர்க் நிறைந்துவிட்டது என்று கண்டுபிடித்தால் கிட் போனது போனதுதான்.

குளிர்பெட்டி80, வரிசை இப்படி வையுங்கள். முதல் வாரம் 24 வெல்லில் தூண்டாதது, ஈஜிஎஃப் 5 நிமிடம், அனைசோமைசின், டிராமெடினிப் மட்டும். அந்த நாலு லைசேட்டில் நீர்ப்பும் எர்க், ஜேஎன்கே வெஸ்டர்னும். அனைசோமைசினில் ஜேஎன்கே 10 மைக்ரோகிராமில் பிளாங்கைவிடத் தெளிவாக ஏறினால் பெரிய பிளேட்டுக்குப் போகலாம். ஏறாவிட்டால் 20க்குப் போங்கள், அதிலும் ஏறாவிட்டால் பேனலிலிருந்து ஜேஎன்கே பீட்டின் எண்ணை விட்டுவிட்டு அதை வெஸ்டர்னில் மட்டும் காட்டுங்கள். லைசேட் மிச்சம் இருந்தால் 30 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து உறையவையுங்கள், டியூபில் செறிவையும் தேதியையும் எழுத மறக்காதீர்கள். மைனஸ் 80இல் மார்க்கர் எழுத்து அழியும், அதற்கென்று வரும் ஒட்டுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.